"இப்போதைக்கு வேண்டாம்" என்று சொல்லும் பெண்ணுக்கு நம் ஆஸ்பத்திரிகளில் என்ன பதில் இருக்கிறது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். தங்கைக்குத் தலைப்பிரசவம் ஆகி எட்டு மாதம். இப்போது மறுபடியும் நாள் தள்ளிப்போயிருக்கிறது, ஒன்றரை மாதம் இருக்கும். அவளுக்கு இது வேண்டாம். "ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருத்தடைக்கான காப்பர் டி, ஊசி, மாத்திரை எல்லாமே இலவசம் என்கிறார்கள். தமிழ்நாட்டில் இத்தனை வசதி இருந்தும் இது ஏன் நடக்கிறது, தடுக்க என்னதான் செய்ய வேண்டும்?" என்பது உங்கள் கேள்வி. மகப்பேறு வார்டில் நிறைய வருடம் வேலை பார்த்தவள் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் தங்கை விஷயம், ஏனென்றால் அங்கே ஒவ்வொரு வாரமும் கணக்கு. அவள் பதினெட்டு வயது நிரம்பியவள் என்றால் கருவைக் கலைக்க அவளுடைய சம்மதம் ஒன்றே போதும். கணவர் கையெழுத்து வேண்டும், மாமியார் வந்து நிற்க வேண்டும் என்று சில இடங்களில் கேட்பார்கள், சட்டத்தில் அப்படி எதுவும் கிடையாது. 1971-ல் வந்த கருக்கலைப்புச் சட்டத்தை 2021-ல் திருத்தினார்கள். அதன்படி 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும், 20 முதல் 24 வாரம் வரை குறிப்பிட்ட சில நிலைமைகளில் இரண்டு டாக்டர்கள் சேர்ந்து முடிவு செய்யலாம். ஒன்பது வாரத்துக்குள் என்றால் பெரும்பாலும் மாத்திரையிலேயே முடிந்துவிடும். ஆனால் யாரோ கடையில் வாங்கிக் கொடுத்து வீட்டிலேயே போட வைக்காதீர்கள். மாத்திரை மோசமானது என்பதற்காகச் சொல்லவில்லை, டாக்டர் பார்த்துக் கொடுத்தால் மிகவும் பாதுகாப்பானதுதான். கரு கருப்பையில்தான் இருக்கிறதா, குழாயில் தங்கியிருக்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும். முதல் பிரசவம் சிசேரியன் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். "கலைக்கணும்னா காப்பர் டி போட ஒத்துக்கணும்" என்று யாராவது நிபந்தனை வைத்தால் அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். ஒருவேளை யோசித்துப் பார்த்து அவள் பெற்றுக்கொள்வதாக முடிவெடுத்தால் அதுவும் அவள் முடிவு, அப்போது பிரசவ இடைவெளி குறைவு என்பதால் ரத்தசோகையைக் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, இப்போது ஏன் என்ற கேள்வி.

தமிழ்நாட்டின் குடும்ப நலத் திட்டம் "போதும்" என்று சொல்லும் பெண்ணுக்கு அருமையாக வேலை செய்கிறது. "இப்போதைக்கு வேண்டாம், இரண்டு வருஷம் கழித்துப் பார்க்கலாம்" என்று சொல்லும் பெண்ணுக்கு அது கிட்டத்தட்ட வேலை செய்வதே இல்லை. என் பதில் முழுவதும் இந்த இரண்டு வரிதான், மிச்சமெல்லாம் விளக்கம்.

2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் சராசரியாக ஒரு பெண்ணுக்கு 1.8 குழந்தை. திருமணமாகி வாழும், 15 முதல் 49 வயதுப் பெண்களில் ஏறக்குறைய 58 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். இந்திய அளவில் இது 38 சதவீதம்தான். இங்கே காப்பர் டி போட்டிருப்பவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் இருந்தால் அதிகம். மாத்திரை, ஊசி எல்லாம் சொற்பத்திலும் சொற்பம். அதாவது கல்யாணத்துக்கும் முதல் குழந்தைக்கும் நடுவில், முதல் குழந்தைக்கும் இரண்டாவதுக்கும் நடுவில், பெரும்பாலான பெண்களிடம் நம்பகமான வழி எதுவுமே இல்லை. கணவன் "பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார், நாள் கணக்கு பார்க்கிறார்கள், சாமியைக் கும்பிடுகிறார்கள். இரண்டாவது பிரசவத்தோடு சேர்த்து ஆபரேஷன் செய்ததும் கதை முடிந்துவிடுகிறது, அதுவும் பெரும்பாலும் முப்பது வயதுக்கு முன்னால். குழந்தை எண்ணிக்கை குறைந்துவிட்டதால் எல்லாம் நன்றாக இருப்பதாக மேலே நினைக்கிறார்கள். அந்த எண்ணிக்கைக்குள் எத்தனை கலைப்புகள் ஒளிந்திருக்கின்றன என்று யாரும் கேட்பதில்லை. 2015-ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்து, தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் தகவல் திரட்டி ஓர் ஆய்வு லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. அந்த ஒரே வருடத்தில் இந்தியாவில் ஏறக்குறைய 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள், மொத்தக் கர்ப்பங்களில் கிட்டத்தட்ட பாதி திட்டமிடாதவை என்பது அவர்கள் கணக்கு. கலைப்புகளில் நான்கில் மூன்று பங்கு ஆஸ்பத்திரிக்கு வெளியே மாத்திரை போட்டு நடந்தவை.

உங்கள் தங்கைக்கு நடந்ததை நான் பார்க்காமலேயே ஓரளவு சொல்லிவிட முடியும் என்று நினைக்கிறேன். தலைப்பிரசவம் அம்மா வீட்டில். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்து அழைத்து வந்திருப்பீர்கள். கர்ப்பத்தில் பாதி நாள் ஒரு ஊர் கிராம சுகாதார செவிலியர் பார்த்திருப்பார், மீதி நாள் இன்னொரு ஊர்க்காரர். குழந்தை பிறந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்துக் கணவர் வீட்டுக்கு அனுப்பியிருப்பீர்கள். அங்கே இருக்கும் நர்சம்மாவுக்கு இவள் பிரசவித்த பெண் என்று பதிவேட்டில் தெரியும், தடுப்பூசிக்கு வரும்போது குழந்தையைத் தெரியும். ஆனால் "உனக்கு என்ன ஏற்பாடு?" என்று கேட்கிற அளவுக்குப் பழக்கம் இருக்காது. அம்மா ஊர் நர்சம்மா கேட்டிருந்தால் "இங்கேதானே இருக்கேன், அவர் ஊர்ல இருக்கார், எதுக்கு?" என்று இவளே சொல்லியிருப்பாள். கருத்தடை தேவைப்படாத நாட்களில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்தாள், தேவைப்பட்ட நாளில் ஆஸ்பத்திரியின் கண்ணிலிருந்து விலகிவிட்டாள். எத்தனையோ பேருக்கு இதே கதைதான், நம் சமூக வழக்கத்துக்கும் சுகாதாரத் துறையின் கிராம எல்லைக்கும் நடுவில் இருக்கிற பள்ளம் இது.

அப்புறம் அந்தப் பழைய நம்பிக்கை: "பால் கொடுக்கிற வரைக்கும் தங்காது". இது முழுப் பொய் இல்லை, அதனால்தான் ஆபத்து. மூன்று நிபந்தனையும் ஒன்றாக இருந்தால் 98 சதவீதம் வரை உண்மை. குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருக்கக் கூடாது, தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும், இரவிலும்கூட, கொடுக்கக் கூடாது, மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது. ஐந்தாம் மாதம் கேழ்வரகுக் கஞ்சி ஆரம்பித்த அன்றே இந்தப் பாதுகாப்பு ஆட்டம் கண்டுவிடுகிறது. இன்னொன்று, கரு முட்டை வெளிவந்து இரண்டு வாரம் கழித்துத்தான் தீட்டு வரும். அதனால் "நான் இன்னும் குளிக்கவே இல்லையே, எப்படித் தங்குச்சு?" என்று கேட்டபடி நிற்கும் பெண்களை ஒவ்வொரு வாரமும் பார்க்கலாம். மாதவிடாய் வராதது பால் கொடுப்பதால் என்று நினைத்து மூன்றாவது, நான்காவது மாதத்தில் கண்டுபிடிப்பவர்களும் உண்டு.

பிரசவத்தின்போதே காப்பர் டி போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். போடலாம், நல்ல வழிதான். நஞ்சுக்கொடி வெளியே வந்த பத்து நிமிடத்துக்குள், இல்லாவிட்டால் 48 மணி நேரத்துக்குள் போட்டுவிடலாம். வகையைப் பொறுத்து ஐந்து வருடமோ பத்து வருடமோ தாங்கும், எடுத்த அடுத்த மாதமே கர்ப்பம் தரிக்கலாம். தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் இது நிறையவே நடக்கிறது. ஆனால் எப்படி நடக்கிறது என்பதில்தான் சிக்கல். பிரசவ வார்டில் வலி நான்கு நிமிடத்துக்கு ஒரு தரம் வந்துகொண்டிருக்கும், பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் கத்திக்கொண்டிருப்பாள், அந்த நேரத்தில் ஒரு நர்ஸ் வந்து "காப்பர் டி போட்டுக்கிறியாம்மா, இங்க கையெழுத்துப் போடு" என்பார். அவள் எதற்கும் தலையாட்டுவாள். சில சமயம் அந்தக் கேள்விகூட இருக்காது. சொல்லாமலே போட்டுவிட்டார்கள் என்ற புகார்கள் தமிழ்நாட்டில் வெளிப்படையாகவே எழுந்திருக்கின்றன. வீட்டுக்குப் போய் ரத்தப்போக்கு அதிகமானதும் வேறொரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தபோதுதான் உள்ளே ஏதோ இருப்பது தெரிகிறது. அந்தப் பெண் அதை எடுத்துப் போடுவதோடு நிற்க மாட்டாள், தெருவில் பத்துப் பேரிடம் சொல்வாள். "அது மேலே ஏறி நெஞ்சுக்குப் போயிடும்" என்கிற வதந்திக்கு இவ்வளவு வலு எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? கேட்காமல் போடப்பட்ட ஒவ்வொரு காப்பர் டி-யும் கேட்டுப் போட்டிருக்கக்கூடிய பல காப்பர் டி-க்களைக் கெடுக்கிறது. இதைப் பற்றிப் பேச வேண்டிய இடம் ஐந்தாம் மாதப் பரிசோதனை, பிரசவ மேசை இல்லை.

"இலவசமாகக் கொடுத்தால் போதும்" என்ற நினைப்பு எவ்வளவு தவறு என்பதற்குப் பக்கத்து நாட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது. பங்களாதேஷில் மத்லப் என்ற பகுதி. ஆற்றோரக் கிராமங்கள், ஏழைகள், பர்தா வழக்கம் உள்ள குடும்பங்கள். காலரா ஆராய்ச்சிக்காக அங்கே ஒவ்வொரு வீட்டின் பிறப்பு இறப்பையும் ஏற்கெனவே பதிவு செய்து வந்ததால் எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று துல்லியமாகத் தெரியும். 1975-ல் வீடு வீடாகப் போய் மாத்திரையும் ஆணுறையும் இலவசமாகக் கொடுத்தார்கள். கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் பெரும்பாலும் படிக்காத, வயதான விதவைப் பெண்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் பேர் எடுத்தார்கள். தலைசுற்றல், குமட்டல் வந்ததும் விட்டுவிட்டார்கள், பயன்பாடு மளமளவென்று இறங்கியது. 1977 அக்டோபரில் முறையை மாற்றினார்கள். அதே கிராமங்களைச் சேர்ந்த, கல்யாணமான, படித்த இளம்பெண்களை வேலைக்கு எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வீட்டுக்கே போவது, மாத்திரையோடு நிற்காமல் ஊசி, காப்பர் டி, ஆபரேஷன் எல்லாவற்றையும் பற்றிப் பேசுவது, ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்றால் உடனே வேறொன்றுக்கு மாற்றுவது, தொந்தரவு என்றால் பார்க்க மருத்துவப் பணியாளரை அழைத்து வருவது. பத்து சதவீதத்துக்கும் கீழே இருந்த பயன்பாடு ஒன்றரை வருடத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக உயர்ந்தது. பக்கத்தில் வழக்கமான அரசுச் சேவை மட்டும் இருந்த கிராமங்கள் வெகுவாகப் பின்தங்கின. ஏழ்மை மாறவில்லை, மதம் மாறவில்லை, படிப்பு மாறவில்லை. கதவைத் தட்டிய ஆளும், அவள் பையில் இருந்தவையும், அடுத்த பதினைந்து நாளில் அவள் திரும்பி வந்ததும்தான் மாறின.

நம்மிடம் கதவைத் தட்டும் ஆள் இருக்கிறார். 8,000-க்கும் மேற்பட்ட துணை சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் அந்தச் செவிலியருக்கு ஒரு நாளில் கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, காய்ச்சல் கணக்கு, இத்தனை ஆன்லைன் பதிவேடு. ஒரு பெண்ணோடு இருபது நிமிடம் உட்கார்ந்து பேச நேரம் இல்லை. பேசாமல் கொடுக்கிற எதுவும் நிற்காது. அந்தரா என்ற கருத்தடை ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று மாதத்துக்கு ஒன்று, பால் கொடுப்பவர்களும் ஆறு வாரத்துக்குப் பிறகு போடலாம். போட்ட பெண்ணுக்கு முதல் சில மாதம் கண்டபடி திட்டுத் திட்டாகப் படும், பிறகு பலருக்கு மாதவிடாய் நின்றே போகும். இதனால் ஆபத்து எதுவும் இல்லை என்பதையும், நிறுத்திய பிறகு கர்ப்பம் தரிக்க ஏழிலிருந்து பத்து மாதம் பிடிக்கலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவள் இரண்டாவது ஊசிக்கு வருவாள். சொல்லவில்லை என்றால் "கெட்ட ரத்தம் உள்ளேயே தங்குது" என்று மாமியார் சொல்வதுதான் மிஞ்சும். சாயா மாத்திரை இன்னொன்று. லக்னோவில் நம் விஞ்ஞானிகளே கண்டுபிடித்தது, ஹார்மோன் கிடையாது, முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு முறை, பிறகு வாரம் ஒரு முறை. பால் கொடுக்கும் பெண்ணுக்குப் பொருத்தமானது, ஆனால் நீர்க்கட்டி பிரச்சினை உள்ளவர்களுக்கும் சமீபத்தில் மஞ்சள் காமாலை வந்தவர்களுக்கும் கூடாது. மாலா-என் மாத்திரை தினமும் போட வேண்டியது, குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை பால் கொடுப்பவர்கள் தவிர்க்க வேண்டும், ரத்த அழுத்தம் இருந்தால் வேண்டவே வேண்டாம். இதையெல்லாம் எத்தனை பேருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

இடமும் முக்கியம். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் நிரோத் ஆணுறைப் பெட்டி ஓ.பி. சீட்டு எழுதும் மேசைக்கு நேர் எதிரே சுவரில் தொங்கியது. "இலவசம், எடுத்துக்கொள்ளவும்" என்று பெரிய எழுத்தில். எதிரே நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள், எவன் எழுந்து போய் எடுப்பான்? மாதக்கணக்கில் தூசி படிந்து கிடந்தது. ஆண்கள் கழிவறைப் பக்கச் சுவருக்கு மாற்றியதும் வாரத்துக்கு இரண்டு முறை நிரப்ப வேண்டியிருந்தது. இதற்கு அரசாணையோ நிதியோ தேவைப்படவில்லை, ஓர் ஆணியும் சுத்தியலும்தான்.

மருந்துக்கடை இன்னொரு பஞ்சாயத்து. உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் போடும் அவசரக் கருத்தடை மாத்திரையை இந்தியாவில் டாக்டர் சீட்டு இல்லாமலே விற்கலாம். ஆனால் தமிழ்நாட்டில் பல வருடங்களாகப் பெரும்பாலான கடைகள் அதை வைப்பதே இல்லை. சட்டத் தடை எதுவும் கிடையாது, அதிகாரிகள் கேள்வி கேட்பார்கள் என்ற பயமும் "கலாச்சாரம் கெட்டுவிடும்" என்ற பேச்சும்தான் காரணம். ஆணுறை கிழிந்த இரவு ஒரு பெண்ணுக்கு இந்த மாத்திரை கிடைக்காவிட்டால் ஆறு வாரம் கழித்து அவள் கலைப்பதற்கு அலைவாள், இதில் எந்தக் கலாச்சாரம் காப்பாற்றப்பட்டது என்று எனக்குப் புரியவில்லை. ஏற்கெனவே தங்கிய கருவை இந்த மாத்திரை கலைக்காது, அது வேறு இது வேறு. ஐந்து நாளுக்குள் காப்பர் டி போட்டாலும் அவசரக் கருத்தடையாக வேலை செய்யும், இன்னும் நிச்சயமாகவே.

கல்யாணமாகாத பெண்களுக்கு நிலைமை இதைவிட மோசம். கருத்தடை கேட்டு வந்தால் "வீட்டுக்காரர் பேர்?" என்பதுதான் முதல் கேள்வி, கழுத்தைப் பார்த்துவிட்டு. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தம் "கணவர்" என்று இருந்த இடத்தில் "துணை" என்று மாற்றியது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், 20 முதல் 24 வாரக் கலைப்பிலும் கல்யாணமானவள் ஆகாதவள் என்று பிரிக்கக் கூடாது என்றது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பாதுகாவலர் சம்மதம் தேவை, போக்சோ சட்டப்படி டாக்டர் போலீசுக்குத் தகவல் கொடுக்கவும் வேண்டும், ஆனால் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அந்தத் தகவலில் சிறுமியின் பெயர் அடையாளத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. டெல்லியில் எழுதிய தீர்ப்பு நம் ஊர் ஓ.பி. மேசைக்கு வந்து சேர இன்னும் எத்தனை வருடமோ.

ஆண்கள் பக்கம் பேசாமல் விட முடியாது. 1950-களின் இறுதியில் சென்னை மாநிலம்தான் ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷனில் முன்னோடி. இன்று ஆபரேஷன் செய்துகொண்ட ஆண்கள் தமிழ்நாட்டில் ஒரு சதவீதம்கூட இல்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77-ல் மட்டும், நாடு முழுவதும் 80 லட்சத்துக்கு மேல் கருத்தடை ஆபரேஷன், அதில் பெரும்பகுதி ஆண்களுக்கு, நிறைய பேருக்குக் கட்டாயப்படுத்தி. அந்தப் பயத்தில் அரசியல்வாதிகள் ஆண்களை விட்டுவிட்டார்கள், சுமை முழுக்கப் பெண்கள் தலையில் விழுந்தது. பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும், ஆணுக்குக் கத்தியே இல்லாமல் கால் மணி நேரம். பலம் குறையும், வேலை செய்ய முடியாது என்பதெல்லாம் கட்டுக்கதை. மூன்று மாதம் வேறு பாதுகாப்பு வைத்துக்கொண்டு, பிறகு ஒரு விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும், அது மட்டும்தான் கவனிக்க வேண்டியது.

என்ன செய்யலாம் என்று கேட்டீர்களே, என்னைக் கேட்டால் தடுப்பூசி நாளிலிருந்து ஆரம்பிப்பேன். ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதம், அப்புறம் ஒன்பதாம் மாதம், எந்த ஊருக்கு இடம் மாறினாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லாத் தாய்மாரும் வந்துவிடுகிறார்கள். குழந்தைக்கு ஊசி போட்டுக் காய்ச்சல் மருந்து கொடுத்து அனுப்பிவிடுகிறோம், அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அங்கேயே ஒரு திரை கட்டி, ஒரு நாற்காலி போட்டு, இதற்கென்றே ஒரு செவிலியரை உட்கார வைத்தால், மாமியார் குழந்தையை வைத்துக்கொண்டு வெளியே இருக்கிற அந்தப் பத்து நிமிடத்தில் வேலை நடந்துவிடும். அந்தராவுக்கான மூன்று மாதக் கணக்கும் இதோடு ஓரளவு பொருந்தி வரும். ஒரு பெண் காப்பர் டி-யை எடுத்துவிடச் சொன்னால் "இன்னும் கொஞ்ச நாள் பாரு" என்று இழுக்காமல் அன்றே எடுத்துவிட வேண்டும், எடுக்க மாட்டார்கள் என்று தெரிந்தால் யாரும் போட வர மாட்டார்கள்.

உங்கள் தங்கைக்குக் கடைசியாக ஒன்று. கலைப்பது என்று முடிவானால், அதற்குப் பிறகு இரண்டு வாரத்திலேயே மறுபடியும் கரு தங்கலாம், "அடுத்த மாதவிடாய் வரட்டும்" என்று காத்திருக்கக் கூடாது. கருவி வைத்துச் செய்தால் காப்பர் டி அன்றே போடலாம், மாத்திரை என்றால் ஊசியையோ சாயாவையோ உடனே தொடங்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். எது என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும். கூடப் போகிறீர்கள் என்றால் டாக்டர் அறைக்குள் அவளைத் தனியாக அனுப்பிவிட்டு நீங்கள் குழந்தையோடு வெளியே இருங்கள். உங்கள் முன்னால் கேட்கத் தயங்குகிற இரண்டு கேள்விகள் அவளிடம் நிச்சயம் இருக்கும்.